சென்னையின் விலை உயர்ந்த பகுதிகளில் வீடு வாங்க உண்மையில் எவ்வளவு ஆகும்? முழுமையான வழிகாட்டி

போட் கிளப், போயஸ் தோட்டம், அபிராமபுரம், ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம், பெசன்ட் நகர் பக்கம் வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். வீடு பிடிக்கும். விலை பேசுவார்கள். "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க சார்" என்று புரோக்கர் சொன்னதும் டோக்கன் (சிறு முன்பணம்) கொடுப்பார்கள். அதன்பிறகு வக்கீல், கடைசியில் வங்கி. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த வரிசையால்தான்.

கீழே உள்ள வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் கையிருப்பு, பிறகு நிலத்தின் கணக்கு, பிறகு பத்திரம், பிறகு கட்டடம், அதன்பின்தான் முன்பணம். இங்கே சொல்லும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. கட்டண விகிதங்கள் அரசாணையால் மாறக்கூடியவை என்பதால், பதிவுக்கு முந்தைய வாரம் பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

வாங்கப்போகும் ஒவ்வொருவருக்கும் பான், ஆதார். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இனிஷியலும் விரிவான பெயரும் மாறி மாறி இருந்தால் பதிவிலும் சிக்கல், டிடிஎஸ் (விலையிலிருந்து பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் தொகை) கட்டும்போதும் சிக்கல்.

உங்களுக்கென்று ஒரு வக்கீல். புரோக்கரோ விற்பவரோ பில்டரோ காட்டும் வக்கீல் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் பேரம் முடிந்தால்தான் அவருக்கு அடுத்த வேலை வரும்.

ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். பழைய வீடு, பழைய பிளாட் என்றால் இவரைத் தவிர்க்கவே முடியாது.

1. வங்கிக் கடன் போக கையில் எவ்வளவு வேண்டும்?

பலரும் "நான்கு கோடி வீடு, முக்கால்வாசி லோன், ஒரு கோடி நம்ம பணம்" என்று கணக்கிடுகிறார்கள். அந்த ஒரு கோடி போதவே போதாது.

ரிசர்வ் வங்கி விதிப்படி 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 75 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. ஆகவே அந்த இரண்டும் முழுக்க உங்கள் கையிலிருந்து போகிற பணம்.

மறுவிற்பனைக்கு வரும் பிளாட் ஒன்று 4 கோடி என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 28 லட்சமும் 8 லட்சமும் சேர்ந்து 36 லட்சம். புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றால் 4 லட்சம். அவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் மேலே 72,000. கடன் அதிகபட்சம் 3 கோடி. ஆக உங்கள் பங்கு ஒரு கோடி, அதோடு 36 லட்சம், அதோடு 4.72 லட்சம். பதிவு முடிவதற்குள்ளேயே 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வக்கீல் கட்டணம், வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம், பத்திரங்களை அடமானம் வைக்கும் எம்ஓடி பதிவுச் செலவு, அசோசியேஷன் பெயர் மாற்றக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். முப்பது வருடப் பழைய பிளாட்டில் வயரிங், குழாய், குளியலறை மூன்றையும் மாற்றாமல் குடியேற முடியாது. அந்தத் தொகையையும் இப்போதே ஒதுக்குங்கள்.

மாதத் தவணையையும் பார்த்துவிடுங்கள். 3 கோடி கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 2.60 லட்சம்.

கட்டுமானத்தில் இருக்கும் புது பிளாட் என்றால் கணக்கு வேறு. நிறைவுச் சான்று வாங்குவதற்கு முன் விற்கும் வீட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 4 கோடிக்கு 20 லட்சம். நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினாலும், மறுவிற்பனையில் வாங்கினாலும் ஜிஎஸ்டி இல்லை. 2023 டிசம்பர் முதல் புது பிளாட்டின் முதல் விற்பனைக்கு நிலப் பங்கையும் (யூடிஎஸ்) கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் தீர்வை கட்ட வேண்டும். பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9. "யூடிஎஸ்ஸை மட்டும் பதிஞ்சுட்டு கட்டுமானத்துக்கு தனியா அக்ரிமென்ட் போட்டுக்கலாம், நிறைய மிச்சமாகும்" என்று இன்னும் யாராவது சொன்னால், அவர் பழைய கணக்கைச் சொல்கிறார்.

பெண் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்பதும் அடிக்கடி காதில் விழும். அந்தச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு. இந்தப் பகுதிகளில் கார் நிறுத்தும் இடம்கூட அதற்குள் அடங்காது.

2. விலையை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்

ஒருவர் பிளின்த் ஏரியாவில் (சுவர்களோடு சேர்த்த அளவு) விலை சொல்வார், இன்னொருவர் சூப்பர் பில்டப்பில் (படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடத்தின் பங்கும் சேர்த்து), மூன்றாமவர் "சேலபிள் ஏரியா" என்பார். மூன்றையும் அப்படியே ஒப்பிட்டால் எது மலிவு என்றே தெரியாது.

எல்லாவற்றையும் கார்ப்பெட் ஏரியாவுக்கு மாற்றுங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி அது வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி நீங்கலாக வீட்டுக்குள் புழங்கும் இடம். உள் தடுப்புச் சுவர்கள் சேரும். 2,400 சதுர அடி என்று விற்கும் 4 கோடி வீட்டில் கார்ப்பெட் 1,680 சதுர அடிதான் என்றால், சதுர அடி 16,667 என்று நீங்கள் நினைத்தது உண்மையில் 23,810. டேப்பைக் கொண்டுபோய் அறை அறையாக அளந்து பாருங்கள். அரை மணி நேர வேலை.

விலைக்கு வெளியே என்னென்ன என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கவர்டு கார் பார்க்கிங், மின் இணைப்பு மற்றும் குடிநீர் வாரிய டெபாசிட், ஜெனரேட்டர், கார்ப்பஸ் (அசோசியேஷனின் இருப்பு நிதி), ஓராண்டு மெயின்டனன்ஸ் முன்பணம், டாக்குமென்டேஷன் சார்ஜ். "எல்லாம் இன்க்ளூட் சார்" என்று வாயால் சொன்னது எதுவும் பத்திரத்தில் வராது.

3. யூடிஎஸ்: பணத்தில் பெரும்பகுதி போவது இங்கேதான்

இந்தப் பகுதிகளில் நீங்கள் கொடுக்கும் விலையில் கட்டடத்துக்கு உரியது சிறிய பங்கு. மீதி நிலம். கட்டடம் வருடத்துக்கு வருடம் தேயும், நிலம் தேயாது. ஆகவே பிளாட் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் எண், பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பது. மார்பிள் தரையும் இத்தாலியன் கிச்சனும் அதற்குப் பிறகு.

இரண்டு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரவுண்டு 2,400 சதுர அடி, ஆக நிலம் 4,800. இன்றைய விதிப்படி உயரமற்ற கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2. ஆகவே 9,600 சதுர அடி கட்டலாம்: தளத்துக்கு ஒன்றாக 2,400 சதுர அடியில் நான்கு பிளாட். ஒவ்வொன்றுக்கும் யூடிஎஸ் 1,200.

அதே மனையில் எஃப்எஸ்ஐ 1.5 இருந்த காலத்துக் கட்டடம் என்றால் கட்டியது 7,200 சதுர அடி. அதே அளவில் மூன்றே பிளாட், ஒவ்வொன்றுக்கும் யூடிஎஸ் 1,600. வித்தியாசம் 400 சதுர அடி நிலம். அந்தத் தெருவில் நிலம் சதுர அடி 20,000 என்று வைத்தால் 80 லட்சம். பார்க்க மங்கிப்போன பழைய பிளாட், பளபளக்கும் புதியதைவிடப் பல நேரங்களில் பெறுமானம் உள்ளதாக இருப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கை இப்படிச் செய்யுங்கள். கேட்கும் விலையிலிருந்து கட்டடத்தின் இன்றைய மதிப்பைக் கழியுங்கள் (இதை இன்ஜினியர் சொல்வார்). மிச்சத்தை யூடிஎஸ்ஸால் வகுங்கள். வரும் எண்தான் நிலத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அதே தெருவில் தனி மனை போகும் விலையைவிட அது அதிகம் என்றால், ஏன் என்று கேட்க உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

யூடிஎஸ்ஸில் மூன்று இடங்களில் ஏமாறுகிறார்கள். பில்டர் எல்லா பிளாட்டுக்கும் நிலத்தை முழுதாகப் பிரித்துக் கொடுக்காமல் ஒரு பகுதியைத் தன் பெயரிலோ நில உரிமையாளர் பெயரிலோ வைத்திருப்பார்; எல்லா யூடிஎஸ்ஸையும் கூட்டினால் மனையின் மொத்த அளவு வர வேண்டும், வராவிட்டால் மேலே இன்னொரு தளம் எழும்பலாம். இரண்டாவது, தெரு விரிவாக்கத்துக்கோ மெட்ரோவுக்கோ கொடுத்த நிலத்தைக் கழிக்காமல் பழைய அளவிலேயே பங்கு போட்டிருப்பார்கள். மூன்றாவது, மொட்டை மாடி உரிமை. அதை ஒருவருக்கு மட்டும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று மற்ற பிளாட்களின் பத்திரங்களிலும் பாருங்கள்.

பழைய பிளாட் வாங்குகிறவர்களின் மனதில் இருப்பது பெரும்பாலும் இடித்துக் கட்டும் வாய்ப்பு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022 மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு வழி செய்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறே ஆறு வீடு உள்ள கட்டடத்தில் மாடி வீட்டுப் பெரியவர் "நான் இருக்கிற வரைக்கும் இடிக்க விடமாட்டேன்" என்றால் வேலை இழுக்கத்தான் செய்யும். அசோசியேஷன் செயலாளரிடம் பேசாமல் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுக்காதீர்கள்.

4. வழிகாட்டி மதிப்பும் "கொஞ்சம் கேஷ்" பேச்சும்

பதிவுத்துறை இணையதளத்தில் தெருப் பெயரைக் கொடுத்தால் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) வரும். இந்தப் பகுதிகளில் சந்தை விலை பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் பத்திரத்தில் குறைத்துக் காட்டி மிச்சத்தைக் கையில் கேட்கும் பேச்சு வருகிறது.

ஒத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு நீதி போதனை தேவையில்லை, கணக்கே போதும். வங்கி பத்திர மதிப்புக்குத்தான் கடன் தரும். கேஷ் பகுதிக்கு முழுப் பணமும் நீங்கள் புரட்ட வேண்டும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகப் பதிவானதால் மூலதன ஆதாயம் (விற்பனை லாபம்) பெருத்து, விற்றவர் மிச்சம் பிடித்த வரியை நீங்கள் கட்டுவீர்கள். பேரம் முறிந்தால் கேஷுக்கு ரசீது கிடையாது. சொத்து விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

பத்திர விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், அந்த வித்தியாசம் வாங்குகிறவரின் வருமானமாகவும் கருதப்படலாம்.

5. பத்திரம் பார்ப்பது: அவசரப்படக்கூடாத இடம்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவை: தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை எல்லாப் பத்திர நகல்களும், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் (டிஎஸ்எல்ஆர்), சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) திட்ட அனுமதி, மாநகராட்சிக் கட்டட அனுமதி, அனுமதி பெற்ற வரைபடம், சொத்துவரி, குடிநீர் வரி ரசீதுகள். வக்கீலிடம் கொடுப்பதற்கு முன் நீங்களும் ஒருமுறை படியுங்கள். பெயரும் எண்ணும் தவறியிருப்பது வாங்குகிறவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

வில்லங்கச் சான்று இணையதளத்தில் 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டு எடுங்கள். இந்தப் பகுதிகளில் ஒரே குடும்பம் இரண்டு தலைமுறை வைத்திருந்த வீடுகள் அதிகம் என்பதால், முந்தைய கிரயம் எந்த ஆண்டோ அதுவரை போவதுதான் சரி.

தேடும்போது ஒரே எண்ணில் தேடி நிறுத்தாதீர்கள். சென்னைப் பத்திரங்களில் ஒரே மனைக்குப் பழைய சர்வே எண், ஆர்எஸ் (மறு நில அளவை) எண், பிளாக் எண்ணோடு டிஎஸ் (நகர நில அளவை) எண் என்று மாறி மாறி வரும். வீட்டு எண்ணிலும் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இரண்டு. 1970-களின் இறுதியில் சாதிப் பெயர்களை நீக்கியபோது தெருப் பெயர்களும் மாறின. பதிவு அலுவலக எல்லைகளும் மாறியிருக்கின்றன. புது எண்ணில் மட்டும் தேடினால் சான்று சுத்தமாக வரும். அடமானம் பழைய எண்ணில் தூங்கிக்கொண்டிருக்கும்.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணம்தான் தெரியும். பதியாத உயில், பாகப்பிரிவினை வழக்கு, வாடகைதாரரின் உரிமை, தனியாரிடம் பத்திரம் வைத்து வாங்கிய கைமாற்று எதுவும் தெரியாது. அசல் பத்திரங்களை நேரில் பார்க்கக் கேட்பது அதனால்தான். "பேங்க்ல இருக்கு" என்றால் எந்த வங்கி, எவ்வளவு பாக்கி என்று அந்த வங்கியின் கடிதமே வேண்டும். பழைய விற்பனை ஒப்பந்தம் ஏதாவது பதிவாகி, ரத்துப் பத்திரம் இல்லாமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். "அது அப்பவே முடிஞ்சு போச்சு" என்பது ரத்துப் பத்திரம் ஆகாது.

பகுதிக்குப் பகுதி பிரச்சினை மாறும். மயிலாப்பூரில் கோயில் நிலம். கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது, அடிநிலம் கோயிலுடையது என்ற வீடுகள் அங்கே நிறைய. டிஎஸ்எல்ஆரில் நில உரிமையாளர் பத்தியில் கோயில் பெயரோ அறக்கட்டளைப் பெயரோ இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகரில் வீட்டு வசதி வாரியம் ஒதுக்கிய மனைகள் உண்டு. ஒதுக்கீட்டு ஆணை மட்டும் போதாது. வாரியம் எழுதிக் கொடுத்த கிரையப் பத்திரம் இருக்க வேண்டும். பெரிய தோட்டத்தோடு கூடிய பழைய பங்களா என்றால் நகர்ப்புற நில உச்சவரம்பு. 1978-ம் ஆண்டுச் சட்டம் 1999-ல் ரத்தானாலும், அதற்கு முன் அரசு எடுத்துக்கொண்ட நிலம் எடுத்ததுதான். காம்பவுண்டு சுவருக்குள் இருப்பதெல்லாம் விற்பவருடையது என்று நினைக்க வேண்டாம். டிஎஸ்எல்ஆர் அளவையும் சர்வேயர் அளந்த அளவையும் ஒப்பிடுங்கள்.

உயில் மூலம் வந்த சொத்து என்றால் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் செல்லும் என்ற சான்று) வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் எல்லா வாரிசுகளும் கிரையத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பாதுகாப்பு. வாரிசுகளில் ஒருவர் அமெரிக்காவில் இருந்து பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பினால், அது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்டதா, இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை இட்டார்களா, கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். பவர் கொடுத்தவர் காலமானால் பவரும் அன்றே முடிந்தது.

6. கட்டடத்தைப் பார்க்கும் முறை

பகலில் ஒருமுறை, பெரிய மழைக்கு மறுநாள் ஒருமுறை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்று அயலாரையும் வாட்ச்மேனையும் கேளுங்கள். அடையாற்றின் கரையோரத்தில் விலைக்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமே இல்லை; கோடீஸ்வரர் தெருவிலும் தண்ணீர் வரும்.

பெசன்ட் நகரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கத்திலும் உப்புக் காற்றுதான் பெரிய எதிரி. சுவரைப் பார்க்காதீர்கள், அது நேற்றுத்தான் பெயின்ட் அடித்திருக்கும். சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனியின் அடிப்பக்கம், ஸ்டில்ட்டில் (கார் நிறுத்தும் திறந்த தரைத்தளத்தில்) பீமும் தூணும் சேரும் மூலை, மேல்நிலைத் தொட்டியின் அடி. கம்பியின் வாக்கில் நீளமான விரிசல், துருக் கறை, சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிவது இவை எல்லாம் கம்பி துருப்பிடித்து வீங்கியதன் அடையாளம். பூசி மறைத்திருந்தால் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போட்ட அறை என்றால் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதற்கு மேல் பேச வேண்டாம். வங்கி மதிப்பீட்டாளரும் கட்டடத்தின் மிச்ச ஆயுளைப் பார்ப்பார். அது கடன் காலத்துக்குக் குறைவு என்றால் கடன் சுருங்கும்.

அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். பக்கவாட்டு இடைவெளியில் எழுப்பிய அறை, ஸ்டில்ட்டை அடைத்துப் போட்ட ஆபீஸ், வரைபடத்தில் இல்லாத பென்ட்ஹவுஸ். விதிமீறலோடு விற்பவர் பணத்தோடு போய்விடுவார், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். கடலோரத்திலும், கடல்நீர் ஏறும் ஆற்றுப் பகுதியிலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விசாரியுங்கள். ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், அடையாறில் மெட்ரோ சுரங்கத்தை ஒட்டிய மனைக்கு மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் தேவைப்படலாம்.

புது பிளாட் வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத திட்டமும், எட்டு பிளாட்டைத் தாண்டாத திட்டமும் ரெராவில் பதிய வேண்டியதில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர். இந்தப் பகுதிகளில் வரும் "பொட்டிக்" திட்டங்களில் பல இந்த அளவுக்குள்தான் அடங்குகின்றன. அவற்றில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கும் முன் பதிவு செய்த ஒப்பந்தம், ஐந்து ஆண்டு கட்டுமானக் குறை பொறுப்பு போன்றவற்றை உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டியது நீங்கள்தான். 4 கோடி வீடும் ரெராவுக்குள் வராமல் போகலாம் என்பது பலருக்கு நம்பமுடியாத செய்தி.

7. இப்போது டோக்கன், பிறகு ஒப்பந்தம்

வக்கீல் கருத்தும் இன்ஜினியர் அறிக்கையும் வந்தபின்தான் டோக்கன். பேரம் கைநழுவிவிடும் என்று பயந்தால் சிறிய தொகையைக் காசோலையாகக் கொடுத்து, "பத்திரங்கள் திருப்தி இல்லையென்றால் இத்தனை நாளில் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு தாளில் விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். புரோக்கரிடம் அல்ல.

தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். செலவு பார்த்துப் பலர் நோட்டரியோடு நிறுத்துகிறார்கள். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். அதே வீட்டை இன்னொருவருக்கு விற்க முயன்றால் அவர் வக்கீல் கண்ணில் படும். இவ்வளவு பெரிய முன்பணத்துக்கு அந்தக் கட்டணம் பெரிதல்ல.

ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: அசல் பத்திரங்களின் பட்டியல், எந்தத் தேதிக்குள் கிரையம், வாடகைதாரர் காலி செய்யும் தேதி, அதுவரையிலான வரி பாக்கி யாருடையது, டிடிஎஸ் பிடித்தம், விற்பவர் பின்வாங்கினால் என்ன. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் என்னாகும் என்ற வரியை விற்பவர் தரப்பு எழுதவே எழுதாது. நீங்கள் எழுதச் சொல்லுங்கள்.

8. டிடிஎஸ்: பிடிக்காவிட்டால் பொறுப்பு உங்களுடையது

50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்கு நீங்கள் கட்ட வேண்டும். இது விலைக்கு மேல் வரும் செலவு அல்ல, விலையிலிருந்து கழிப்பது. 4 கோடிக்கு 4 லட்சத்தைப் பிடித்து 3.96 கோடியைக் கொடுக்கிறீர்கள். முன்பணம் கொடுக்கும்போதே அந்தத் தொகைக்குப் பிடிக்க வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளில் கட்ட வேண்டும். பத்திர விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மீது. வாங்குகிறவர் இருவர், விற்கிறவர் மூவர் என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனிப் படிவம்.

விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் 1 சதவீதம் என்பதை மறந்துவிடுங்கள். இந்தப் பகுதிகளில் இது அடிக்கடி வரும், பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியவரும். நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து முழு விலையின்மீது பிடித்தால் 4 கோடிக்கு 60 லட்சத்தை நெருங்கும். இதைக் குறைக்க விற்பவர்தான் வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே முதல் சந்திப்பிலேயே "நீங்கள் வரிக்கு இந்தியவாசியா?" என்று கேட்டுவிடுங்கள். மயிலாப்பூர் முகவரியும் இந்தியப் பாஸ்போர்ட்டும் அதற்குப் பதில் ஆகாது.

9. பதிவு நாள்

வரைவுப் பத்திரம் இரண்டு நாள் முன்னதாகக் கையில் வர வேண்டும். சொத்து விவரப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: நான்கெல்லை, பழைய எண், புதிய எண், டிஎஸ் எண், யூடிஎஸ் எண்ணிலும் எழுத்திலும், கார் நிறுத்தும் இடத்தின் எண். பிழை பிறகு தெரிந்தால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விற்றவர் மீண்டும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் அவர் மெல்போர்னில் மகன் வீட்டில் இருப்பார்.

அன்று காலை வில்லங்கச் சான்றை மறுபடி எடுங்கள். தீர்வையும் கட்டணமும் இணையத்தில் கட்டி, பதிவு அலுவலகம் ஒதுக்கிய டோக்கன் நேரத்துக்குப் போனால் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகள், அடையாள அட்டையோடு. மீதிப் பணத்துக்கான டிடி எண்கள் பத்திரத்தில் ஏறியிருக்க வேண்டும். விற்பவரின் கடன் பாக்கி இருந்தால் அந்த வங்கி அதிகாரி பத்திரங்களோடு வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அசல் பத்திரத்துக்குப் பதினைந்து நாள் அலைவது வேண்டாத வேலை.

கட்டடம் உள்ள சொத்துக்குப் பதிவுத்துறை கள ஆய்வு செய்து மதிப்பைக் கூட்டக்கூடும். அதுவரை பத்திரம் கைக்கு வராது, வித்தியாசத் தீர்வை கட்ட வேண்டிவரும். அதற்குக் கொஞ்சம் பணம் மிச்சம் வையுங்கள்.

10. சாவி வாங்கியபின்

சொத்துவரிப் பெயர் மாற்றம் மாநகராட்சியில், குடிநீர் வரிக்கு மெட்ரோ வாட்டரில், மின் இணைப்புக்கு மின்வாரியத்தில். மூன்றும் தனித்தனி, ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறாது. சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை.

தனி மனை, தனி வீடு என்றால் பட்டா பெயர் மாறியதா என்று இணையத்தில் பாருங்கள். மனையைப் பிரிக்க (உட்பிரிவு) தேவையில்லாத பட்டா மாற்றம் பதிவோடு தானாக நடக்கும் என்பார்கள், நடந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை. அடுக்குமாடியில் அசோசியேஷனில் பெயர் மாற்றி, முந்தைய உரிமையாளரின் பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். மெயின்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரக்கூடும். மாதச் செலவில் அதையும் போடுங்கள்.

ஒரு மாதம் கழித்து உங்கள் பெயரில் கிரையமும், வங்கியின் எம்ஓடியும் சரியாக ஏறிய வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்து, பத்திர நகலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். டிடிஎஸ் கட்டியபின் வரும் சான்றை விற்றவருக்கு அனுப்பிவிட்டு, அதன் ஒரு பிரதியும் அதே கோப்பில்.